சல்லடை காணாத ரொட்டி: வாற்கோதுமையின் வரலாறு நமக்குச் சொல்வது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

மதீனாவில் நீண்ட காலம் வாழ்ந்த நபித்தோழர்களுள் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களும் ஒருவர். இஸ்லாமிய ஆட்சி விரிந்து, ஷாமின் கோதுமை மதீனாவின் கடைத்தெருவில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்கள் உயிரோடு இருந்தார்கள். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அபூ ஹாஸிம் என்பவர் அவர்களிடம் வந்து, நபி (ஸல்) அவர்கள் சலித்த வெண்மாவு ரொட்டியை உண்டதுண்டா என்று கேட்டார். நபித்துவம் வழங்கப்பட்ட நாள் முதல் வஃபாத் ஆகும் வரை அண்ணலார் அதைக் கண்டதே இல்லை என்று ஸஹ்ல் (ரலி) பதிலளித்தார்கள். அப்படியானால் சல்லடையாவது இருந்ததா என்று அவர் கேட்டார். அதையும் அண்ணலார் கண்டதில்லை என்றார்கள். சலிக்காத வாற்கோதுமையை எவ்வாறு உண்டீர்கள் என்று அவர் வியந்து வினவியபோது கிடைத்த விடைதான் இக்கட்டுரையின் தொடக்கம்: அரைப்போம், ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், எஞ்சியதை நனைத்துப் பிசைந்து உண்போம் என்பது அந்த விடையின் கருத்து. ஸஹீஹுல் புகாரீயின் உணவு குறித்த பகுதியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

ஊதினால் பறப்பது எது? இலேசான உமி. ஊதினாலும் பறக்காமல் தங்குவது எது? தானியத்தோடு ஒட்டிய தவிடும் அதன் உள்மாவும். ஆக அம்மக்கள் உண்டது உமி நீங்கிய, ஆனால் தவிடு நீங்காத ரொட்டி. அது அவர்கள் தேர்ந்தெடுத்த ஆரோக்கிய உணவுமுறை அன்று. வறுமையும் எளிமையும் அவர்களுக்குக் கொடுத்த உணவு. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் இன்று வாற்கோதுமை, தல்பீனா என்ற பெயர்களைச் சுற்றிப் பெரியதொரு வணிகமும், அதைவிடப் பெரிய வாக்குறுதிகளும் வளர்ந்து நிற்கின்றன.

மதீனாவின் அடுப்பில்

வாற்கோதுமை அக்காலத்து எளியோரின் தானியம். கோதுமை வெளியூர்களிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது, அவர்களுடைய கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. அகழ்ப் போரின்போது பசியால் வயிற்றில் கல் கட்டியிருந்த அண்ணலாருக்காக ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டில் தேடியபோது கிடைத்தது ஒரு ஸாஉ வாற்கோதுமையும் ஓர் ஆட்டுக்குட்டியும்தான். வீட்டு அலமாரியில் எஞ்சியிருந்த கொஞ்சம் வாற்கோதுமையை உண்டு நாட்களைக் கழித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் நினைவுகூர்ந்துள்ளார்கள்.

வறுமையின் தானியமாக இருந்தபோதிலும் அது மகிழ்ச்சியின் உணவாகவும் இருந்தது. மதீனாவில் ஒரு முதிய பெண்மணி, ஸில்க் என்னும் கீரையின் வேர்களைப் பானையிலிட்டு, சில பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துச் சமைப்பார். ஜுமுஆ தொழுதுவிட்டு வரும் இளம் தோழர்கள் அவருக்கு ஸலாம் சொல்லி, அந்த உணவை வழித்து உண்பார்கள். அதற்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) சொல்கிறார்கள். ஸில்க் என்பது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த கீரை. அலீ (ரலி) அவர்கள் நோயிலிருந்து தேறிவந்த நேரத்தில், தொங்கவிடப்பட்டிருந்த பேரீச்சங்குலையிலிருந்து உண்ணத் தொடங்கியபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிறகு உம்முல் முன்திர் (ரலி) இதே கீரையையும் வாற்கோதுமையையும் சமைத்துக் கொண்டுவந்தபோது, இதை உண்பீராக, இது உமக்கு ஏற்றது என்னும் பொருள்பட அறிவுறுத்தினார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இனி தல்பீனா. தம் குடும்பத்தில் மரணம் நிகழ்ந்து, ஆறுதல் கூற வந்த பெண்கள் கலைந்து, நெருங்கிய உறவினர் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில், ஒரு பானை தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள் ஆயிஷா (ரலி). பிறகு ஸரீத் தயாரிக்கப்பட்டு அதன்மீது தல்பீனா ஊற்றப்படும். தல்பீனா நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கிறது, கவலையில் சிறிதளவைப் போக்குகிறது என்று அண்ணலார் கூறக் கேட்டதாக அவர்கள் காரணம் சொன்னார்கள். இங்கே வரும் 'சிறிதளவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். துக்கம் முழுவதும் நீங்கிவிடும் என்று ஹதீஸ் சொல்லவில்லை. எல்லா நோயும் தீரும் என்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அழுது களைத்து, உண்ண மனமில்லாமல் இருப்பவருக்குச் சூடாக ஒரு கிண்ணம் கஞ்சி என்ன செய்யுமோ, அதையே அளவோடு சொல்கிறது. நபிமொழியின் இந்த அளவை நாமாக மீறுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஹகீம்களின் ஏடுகளில்

வாற்கோதுமைக் கஞ்சியை நோயாளிக்குத் தருவது அரபுகளுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கிரேக்க மருத்துவரான ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களில் கடுங்காய்ச்சலுக்கு அது முதன்மை உணவு. கேலன் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அவ்வறிவு அரபு மொழிக்குப் பெயர்ந்தபோது, பக்தாதின் கிறிஸ்தவ மருத்துவரான யூஹன்னா இப்னு மாஸவைஹ் (இறப்பு 857) வாற்கோதுமை நீர் குறித்துத் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார்.

திமிஷ்க் நகரத்து இமாம் இப்னுல் கய்யிம் (இறப்பு ஹிஜ்ரீ 751, கி.பி. 1350) தமது ஸாதுல் மஆதில் தல்பீனாவை விளக்கும்போது, அது வாற்கோதுமை மாவை அதன் தவிட்டோடு காய்ச்சிய கஞ்சி என்கிறார். பாலைப் போல வெண்மையும் நெகிழ்ச்சியும் உடையதால், பாலைக் குறிக்கும் 'லபன்' என்ற சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. மருத்துவர்களின் வாற்கோதுமை நீர் முழுத் தானியத்தை வேகவைத்து எடுப்பது. தல்பீனா அரைத்த மாவில் ஆவது. அரைக்கும்போது தானியத்தின் பண்பு வெளிப்படுவதால் இது கூடுதல் பயனுடையது என்பது அவர் கருத்து. இன்றைய அறிவியல் இதற்குத் தரும் விளக்கத்தைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

இதே நூற்றாண்டுகளில் சல்லடை செல்வத்தின் அடையாளமாகிவிட்டது. பக்தாதில் பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூல், தவிடு நீக்கிய உயர்தர வெண்மாவை ஹுவ்வாரா என்றும், சலிக்காத மாவை குஷ்கார் என்றும் பிரித்துக் காட்டுகிறது. முன்னது மாளிகைக்கு, பின்னது எளியோருக்கு. 1870களில் ஹங்கேரியின் உருளை ஆலைகள் உலகெங்கும் பரவியபோது அந்த மாளிகை மாவு அனைவருக்கும் மலிவாகிவிட்டது. நம் ஊர்ப் பரோட்டாக் கல்லில் இன்று விழும் மைதா அவ்வரலாற்றின் வாரிசுதான்.

ஷீராஸின் புதிர்

இவ்விடத்தில் கட்டுரையை முடித்து, 'ஆகவே தவிட்டோடு உண்ணுங்கள்' என்று சொல்லிவிட்டால் பாதி உண்மையோடு நின்றவர்களாவோம். மீதிப் பாதி ஈரானில் இருக்கிறது.

1958இல், இந்தியாவில் பிறந்த மருத்துவரான ஆனந்த பிரசாத் ஷீராஸ் நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே அவரிடம் காட்டப்பட்ட ஒரு நோயாளிக்கு வயது 21; தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. கடுமையான இரத்தசோகை, வளராத உடல், பருவமடையாத நிலை. அவர் ஒருவர் மட்டுமல்லர். சுற்றுக் கிராமங்களிலிருந்து அதே நிலையில் மேலும் பலர் வந்தனர். அவர்களுடைய உணவு பெரும்பாலும் புளிக்காத ரொட்டி. இறைச்சி அரிது. களிமண்ணைத் தின்னும் பழக்கமும் இருந்தது. பிரசாதும் உடன் பணியாற்றியவர்களும் 1961இல் இதை வெளியிட்டனர். பின்னர் எகிப்தில் நடந்த ஆய்வுகள், இரும்புச்சத்துக் குறைவோடு துத்தநாகக் குறைவும் சேர்ந்ததே இந்நோய் என்பதை உறுதிப்படுத்தின. துத்தநாகம் கொடுத்தபோது அவ்விளைஞர்கள் வளர்ந்தார்கள், பருவமும் எய்தினார்கள். மனித உடலுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பதை உலகம் அறிந்தது இந்த முஸ்லிம் கிராமத்து ஏழைகளின் உடல்களிலிருந்துதான்.

புதிர் எங்கே இருக்கிறது? தவிட்டிலேயே துத்தநாகமும் இரும்பும் இருக்கின்றன. பிறகு ஏன் குறைவு? தானியம் தன் விதைக்கென்று சேமித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலம் தவிட்டில் மிகுதி. அது இரும்பு, துத்தநாகம், கால்சியம் ஆகியவற்றை இறுகப் பற்றிக்கொண்டு, சிறுகுடல் உறிஞ்ச முடியாதபடி செய்துவிடும். இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விடோசன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1942இல் வெளியிட்ட ஆய்விலேயே, பழுப்பு ரொட்டி உண்பவர்கள் வெள்ளை ரொட்டி உண்பவர்களைவிடக் குறைவான கால்சியத்தையே உறிஞ்சினர் என்பது தெரியவந்தது. ஷீராஸில் பணியாற்றிய ஜான் ரைன்ஹோல்ட் 1971இல் அந்தக் கிராமத்து 'தனோக்' ரொட்டியை ஆராய்ந்து, அதில் ஃபைட்டிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். அந்த ரொட்டிமாவு புளிக்க விடப்படுவதில்லை என்பதே அதன் முக்கியக் காரணம்.

மாவு புளிக்கும்போது அதில் இலேசான அமிலத்தன்மை ஏறுகிறது. அந்நிலையில் தானியத்திலேயே உள்ள ஒரு நொதி விழித்தெழுந்து ஃபைட்டிக் அமிலத்தை உடைக்கிறது. பிடியிலிருந்த தாது உப்புகள் விடுபடுகின்றன. அகழ்ப் போர்ச் செய்தியில் ஜாபிர் (ரலி) வீட்டு மாவு 'இளகியிருந்தது' என்று வரும் சொல்லுக்கு, மாவு இளகிப் புளிப்பு ஏறிவிட்டது என்று உரையாசிரியர் இப்னு ஹஜர் விளக்கம் தருகிறார். மதீனாவின் அடுப்படிக்குப் புளிப்பு அந்நியமானதாக இருக்கவில்லை. நம் இட்லி மாவு இரவெல்லாம் பொங்குவதிலும் இதே வேலை நடக்கிறது.

குடலுக்குள் வாழும் கூட்டம்

தாது உப்புகளின் கதை சிறுகுடலோடு முடிவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பெருங்குடலைக் கழிவு செல்லும் பாதையாக மட்டுமே பார்த்தனர். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி திஸ்ஸியே 1899ஆம் ஆண்டளவில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவைபோல் கிளைத்த ஒரு நுண்ணுயிரைக் கண்டார். பிஃபிடோ பாக்டீரியா என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். அதே நிறுவனத்தைச் சேர்ந்த மெச்னிக்காஃப் தயிரின் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதிப் பெரும் ஆர்வத்தைக் கிளப்பினார். உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1970களில், நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணும் மக்களிடம் மேலைநாட்டுக் குடல் நோய்கள் அரிதாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் ஆகிய இருவரும், நாம் செரிக்க முடியாத, ஆனால் நன்மை செய்யும் குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் பொருள்களுக்கு 'ப்ரீபயாட்டிக்' என்று பெயரிட்டனர்.

நார்ச்சத்து இருவகை. தவிட்டின் பெரும்பகுதி நீரில் கரையாதது. அது மலத்துக்குப் பருமன் தரும். மற்றொன்று நீரில் கரைந்து வழுவழுப்பாகும். வாற்கோதுமைக் கஞ்சி ஆறும்போது கெட்டியாகிக் குழைவது அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்தினால்தான். ஓட்ஸைப் போலன்றி, வாற்கோதுமையில் இது தவிட்டில் மட்டும் குவிந்திராமல் உள்மாவு முழுவதும் பரவியிருக்கிறது. அரைத்துக் காய்ச்சினால் அது எளிதில் நீரில் இறங்கும். அரைத்தால் பண்பு வெளிப்படும் என்ற இப்னுல் கய்யிமின் கூற்றை இப்படியும் புரிந்துகொள்ளலாம். நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் வாற்கோதுமைக்கும் ஏற்றுக்கொண்டது.

கரையும் நார் செரிக்கப்படாமலேயே பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றுள் பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கே உணவு. இந்த அமிலங்களால் குடலின் உட்புறம் சற்றுப் புளிப்பாகிறது, அப்புளிப்பில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்த நிலையில் நிற்கின்றன, கரைந்தது உறிஞ்சப்படுகிறது. சிறுகுடலில் தப்பியதில் ஒரு பங்கு இங்கே மீட்கப்படுகிறது என்று சொல்லலாம். வெளியே பானையில் புளிப்பு செய்த வேலைக்கு ஒப்பான ஒன்றை, உள்ளே நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் செய்கிறது. சுப்ஹானல்லாஹ்!

இதற்கு நேரடிச் சோதனையும் உண்டு. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பருவமடையும் வயதுச் சிறார் சுமார் 100 பேரில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் இனுலின் வகை நார் ஓராண்டுக்குத் தரப்பட்டது. அவர்களிடம் கால்சியம் உறிஞ்சுதலும், எலும்பில் சேர்ந்த தாதுவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. இந்த இனுலின் 1804இல் ஒரு மூலிகை வேரிலிருந்து முதன்முதலில் பிரிக்கப்பட்ட பொருள். அது நம் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. வெந்தயத்தில் வேறொரு வகைக் கரையும் நார் உண்டு. ரமளான் மாலைகளில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் வெங்காயம், பூண்டு, வெந்தயம், பாசிப்பருப்பு ஆகியவை ஒன்றாக வேகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அளவோடு சொல்வோம்

இவ்வளவையும் சொன்ன பிறகு, சொல்லக்கூடாதவற்றையும் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது.

முதலாவது: 'பீட்டா குளுக்கானை நபி (ஸல்) அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று நாம் சொல்லலாகாது. ஹதீஸ் சொன்னது நோயாளியின் உள்ளத்துக்கு இதம், துயருற்றவருக்குச் சிறிது ஆறுதல். ஆய்வுக்கூடத்தின் முடிவுகள் நாளை திருத்தப்படலாம், திருத்தப்பட்டும் வந்திருக்கின்றன. நம் ஈமானை அவற்றின்மேல் கட்டினால், அவை அசையும்போது பிள்ளைகளின் நம்பிக்கையும் அசையும். அண்ணலார் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது எத்துணைப் பெரிய குற்றம் என்பதை ஒவ்வொரு மதரஸா மாணவரும் அறிவார்.

இரண்டாவது: தல்பீனா இரத்தசோகைக்கு மருந்தன்று. கரையும் நார் கால்சியம் உறிஞ்சலுக்கு உதவுவதில் சான்றுகள் வலுவாக உள்ளன. இரும்பைப் பொறுத்தவரை அவ்வாறு உறுதியாகச் சொல்ல இயலாது. வெளிறிய முகமும் மூச்சிரைப்புமாக இருக்கும் மகளுக்கு, பொட்டலத்தின்மேல் அரபு எழுத்து அச்சிட்ட மாவை மட்டும் கொடுத்துவிட்டு இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சுன்னத் ஆகாது. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு ஏவியதும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

மூன்றாவது: கரையும் நார் எல்லாம் ஒன்றல்ல. யூனானி ஹகீம்கள் நமக்குத் தந்த இசப்கோல் நீரை ஈர்த்து மலத்தை இளக்கும். ஆனால் குடல் நுண்ணுயிர்கள் அதை மிகக் குறைவாகவே உண்கின்றன. அதை நிறைய நீரோடு, மற்ற மாத்திரைகளிலிருந்து நேர இடைவெளி விட்டு அருந்த வேண்டும். வாற்கோதுமையில் குளூட்டன் உண்டு; சிலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு திடீரென்று மிகுதியாகப் பெற்றால் உப்பும், வாயு சேரும். சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. வாரத்தில் சில நாட்கள் மைதாவின் இடத்தில் முழுத்தானியம் வரட்டும். தானியத்தையும் பயறையும் இரவில் ஊறவைத்து அந்நீரை வடித்துவிடலாம். மாவைப் புளிக்க விட்டுச் சமைக்கலாம். கீரை, பயறு இவற்றோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்பு எளிதில் உடலில் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. ஷீராஸின் கிராமத்தவர்க்கு இல்லாமற்போன இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் இயன்றதைப் பிள்ளைகளின் தட்டில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் தட்டில் குறைவின்றி வைக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு வைத்தது போக மிஞ்சியது அவர்களுக்கு என்ற வழக்கம் எங்கேனும் இருந்தால், அது மார்க்கத்தின் வழக்கமன்று.

மனிதன் தன் உணவைக் குறித்துச் சிந்திக்க வேண்டும் என்று திருக்குர்ஆனின் அபஸ அத்தியாயம் அழைக்கிறது. வானத்து மழையும், பிளக்கும் நிலமும், முளைக்கும் தானியமும் அங்கே நினைவூட்டப்படுகின்றன. அத்தானியம் நம் வயிற்றில் இறங்கிய பிறகும் அல்லாஹ்வின் படைப்புகள் பல நமக்காக உழைக்கின்றன என்பதை அறிந்தவர்கள், உணவை முடித்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லும்போது இன்னும் ஒரு காரணத்தோடு சொல்வார்கள். பக்கத்து வீட்டில் நோயோ மரணமோ நேர்ந்தால், ஒரு பானைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) செய்தது அது.

அல்லாஹ் நம் வீடுகளின் உணவில் பரக்கத்தையும், நம் நாவுகளில் உண்மையையும் தந்தருள்வானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.